செயற்கை என்று எழுதப்பட்ட கால்

இந்தக் கட்டுரையில் வருடம் இருக்காது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் போன் போட்டுச் சொல்கிற ஆள் நான். எல்லாத் தேதியும் என் நோட்டுகளில் நேரத்தோடு இருக்கிறது. ஆனால் திண்டுக்கல் அளவுள்ள ஊரில் வருடத்தையும் ஒரு மில்லையும் ஒரு கிராமத்தையும் சேர்த்துச் சொன்னால், ஆள் யாரென்று பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூடச் சொல்லிவிடுவார். நோயாளிகளின் ரகசியத்தைக் காப்பது முப்பத்தோரு வருடம் என் வேலை. ஓய்வு பெற்றதால் அது முடிந்துவிடவில்லை. ஆகவே மாதமும் கிழமையும் மட்டும் தருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயர் தேவையில்லை.

எழுத வைத்தது ரேவதி. இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் போன் செய்தாள்.

"பாய் சார், புதுசா சாஃப்ட்வேர் போட்டிருக்காங்க. நோய்ப் பேர நாம அடிக்க முடியாது, லிஸ்ட்லருந்துதான் எடுக்கணும். 'காரணம் தெரியவில்லை'ன்னு ஒண்ணு லிஸ்ட்லயே இல்ல. ஏதாச்சும் ஒண்ண எடுத்தாத்தான் அடுத்த பக்கம் போகுது. என்ன செய்ய?"

"அடுத்த பக்கம் போகாத."

"வெளையாடாதீங்க சார். இருபத்தேழு ஃபைல் நிக்குது."

நான் விளையாடவில்லை. நிற்கட்டும் என்றுதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவளுக்கும், அவளைப் போலப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் மற்றவர்களுக்கும் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வரலாற்றில் பி.ஏ. முடித்தேன், மதுரையில் ஒரு வருடம் மருத்துவப் பதிவேட்டுப் பயிற்சி, பிறகு வேலை. பயிற்சியைப் பற்றி எழுத அதிகமில்லை. கோப்பை எண் வரிசையில் அடுக்கவும் டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். முதலாவது ஒரு வாரத்தில் வந்தது. இரண்டாவது ஓய்வு பெறும்வரை முழுதாக வரவில்லை. சேர்ந்த நாள்முதல் எல்லோரும் என்னை 'ரெக்கார்டு பாய்' என்றார்கள். பல வருடம் கழித்துச் சென்னையிலிருந்து வந்த ஒரு டாக்டர் அதை ஆங்கில 'பாய்' என்று எடுத்துக்கொண்டு, "இந்த வயசுலயும் பாயா?" என்று அனுதாபப்பட்டார். "எங்க அத்தாவையும் அறுபது வயசுல பாய்ன்னுதான் கூப்பிட்டாங்க சார்" என்றேன். அவருக்குப் புரிய இரண்டு நாள் ஆனது.

என் வேலை இதுதான். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கோப்பு என்னிடம் வரும். டாக்டர் எழுதியிருக்கும் நோய்ப் பெயரைப் பார்த்து, உலகம் முழுக்கப் பயன்படுத்தும் நோய் வகைப்பாட்டு நூலில் அதற்குரிய குறியீட்டைத் தேடிப் போட வேண்டும். எஃப் என்ற எழுத்தில் தொடங்கினால் மனநோய். ஆர் என்று தொடங்கினால், அறிகுறி இருக்கிறது, நோய் இன்னதென்று தெரியவில்லை. நோயில்லாதவர் வேண்டுமென்றே நடித்தால் அதற்கும் குறியீடு உண்டு, இசட் வரிசையில். டாக்டர் எழுதியதை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. சந்தேகம் வந்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கச் சீட்டு எழுதி, அவரை நேரில் பார்த்துப் பதில் வாங்கலாம். அந்தச் சீட்டு ஒன்றுதான் எனக்கு இருந்த அதிகாரம். அதை நான் தாராளமாகப் பயன்படுத்தினேன். என்னைப் பார்த்தாலே மாடிப்படி மாறிப் போகிற டாக்டர்கள் இருந்தார்கள்.

மாறிப் போகாதவர் பொது மருத்துவப் பிரிவின் தலைவர், பெரிய டாக்டரம்மா. நோயாளியிடம் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை பேனா மூடியைத் திறக்க மாட்டார். சுத்தியலால் நோயாளியின் முழங்காலைத் தட்டுவதற்கு முன் தன் உள்ளங்கையில் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். அவருடைய வார்டில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது: 'ஒண்ணுமில்லை'. பயிற்சி டாக்டர்கள் யாராவது ஸ்கேனைப் பார்த்துவிட்டு நோயாளியிடம் "ஒண்ணுமில்லம்மா" என்றால் உடனே நிறுத்துவார்.

"எது இல்ல?"

"ஸ்கேன் நார்மல் மேடம்."

"நார்மல்னா? எது எது இல்லையோ அதச் சொல்லு."

"மூளையில கட்டி இல்ல. ரத்தக் கசிவு இல்ல."

"அதத்தான் அவங்ககிட்டச் சொல்லணும். தலைவலி இல்லன்னு ஸ்கேன்ல வந்துச்சா?"

'ஒண்ணுமில்லை' வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். டாக்டர் சொல்வது ஆறுதல். மாமியார் காதில் அது தீர்ப்பு. தோல் மண்டி வைத்திருந்த ஒரு ராவுத்தர் நெஞ்சு இறுக்கம் என்று ஒரே ஆண்டில் மூன்று முறை வந்து படுத்தார். மூன்று முறையும் இதயம் நன்றாக இருந்தது. நான்காவது முறை வந்தபோது டாக்டரம்மாவிடம் கெஞ்சினார். "ஏதாச்சும் ஒரு பேரு குடுங்கம்மா. வீட்டுல என்ன கேஸுன்னு கேக்குறாக. வாயு, கேஸ்னு சொன்னா சிரிக்கிறாக." டாக்டரம்மா எழுதினார்: நெஞ்சு இறுக்கம், இதயக் காரணம் இல்லை, வேறு காரணம் இதுவரை தெரியவில்லை. நான் ஆர் வரிசையில் போட்டேன். அந்தத் தாளை ராவுத்தர் கடைச் சுவரில் மாட்டாத குறைதான்.

இனி பஞ்சவர்ணத்தின் கோப்பு. சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமம், முப்பத்து நான்கு வயது, நூற்பாலையில் பன்னிரண்டு வருட வேலை. கணவர் முருகேசன் கத்தரியும் பூவும் போடுகிறவர். ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை நேரத்தில் மெஷின்களுக்கு நடுவில் விழுந்தார். எழுந்தபோது வலது கால் வரவில்லை. முதுகுத்தண்டு ஸ்கேன், மூளை ஸ்கேன், நரம்புச் சோதனை, ரத்தம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிலும் கோளாறு தெரியவில்லை. கால் மட்டும் தரையில் இழுத்துக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேறொரு கோப்புக்கான மஞ்சள் சீட்டோடு வார்டில் காத்திருந்தேன். அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன்.

டாக்டரம்மா அவரை மல்லாந்து படுக்கவைத்தார். வலது குதிகாலுக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்து, "கையை அமுக்கும்மா" என்றார். பஞ்சவர்ணம் பல்லைக் கடித்தார், நெற்றி வியர்த்தது, கால் அமுக்கவில்லை. டாக்டரம்மா கையை அங்கேயே வைத்துக்கொண்டு, "சரி, அத விடு. இப்ப இடது காலத் தூக்கு. நான் மேல இருந்து அழுத்துறேன், விடாமத் தூக்கு" என்றார். இடது காலைத் தூக்கியபோது, கீழே வலது குதிகால் அவருடைய உள்ளங்கையைக் கட்டிலோடு சேர்த்து அமுக்கியது.

பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் கைதட்டாத குறை. "மாட்டிக்கிச்சு மேடம்!"

"யாரு?"

"பேஷன்ட். கால்ல பலம் இருக்கே!"

"நீதான் மாட்டிக்கிட்ட. நடிக்கிறவளா இருந்தா, நான் கைய எடுக்காம வச்சிருக்கறதப் பாத்து உஷாரா இருந்திருப்பா. நரம்பு நல்லா இருக்கு. அமுக்கணும்னு நெனச்சா உத்தரவு போய்ச் சேரல. நெனைக்காதப்ப தானாப் போகுது. இதுவும் ஒரு நோய்தான். இந்தச் சோதனைதான் அதுக்கு ஆதாரம்."

அதோடு விடவில்லை. வாசலில் நின்ற முருகேசனைக் கூப்பிட்டு, குதிகாலுக்கு அடியில் அவர் கையை வைக்கச் சொன்னார். மறுபடி இடது காலைத் தூக்க வைத்தார். முருகேசன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆத்தாடி, அமுக்குதும்மா! ஏ பஞ்சு, அமுக்குறடி!"

"நான் எங்கிட்டு அமுக்குறேன்? எனக்கே தெரியலயே!" என்றார் பஞ்சவர்ணம். அந்த நான்கு நாளில் அவர் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான் என்று நர்ஸ் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனார். கோப்பு என்னிடம் வந்தது. ஆங்கிலத்தில் 'ஃபங்ஷனல் வீக்னஸ், வலது கால்' என்று இருந்தது. உறுப்பு கெடவில்லை, அதன் செயற்பாடு தடுமாறுகிறது என்று பொருள். அப்போதைய நூலில் இது எஃப் வரிசையில் இருந்தது. இப்போதைய பதிப்பில் நரம்பு நோய்களின் அத்தியாயத்திலும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் வழக்கம்போல மஞ்சள் சீட்டோடு போய் நின்றேன்.

"எஃப்ல போட்டா பைத்தியம்னு படிப்பாங்க, ஆர்ல போட்டா ஒண்ணுமில்லன்னு படிப்பாங்க" என்றார் டாக்டரம்மா. "புத்தகம் எங்க வைக்கச் சொல்லுதோ அங்க வைங்க பாய். வார்த்தைய மட்டும் ஒழுங்கா எழுதுங்க. ஜனங்க படிக்கிறது வார்த்தையத்தான்."

அந்த வார்த்தையில்தான் நான் கோட்டை விட்டேன்.

எங்கள் மருத்துவமனையில் வீட்டுக்குப் போகும் நோயாளிக்குத் தமிழிலும் ஒரு சுருக்கம் கொடுப்போம். அதற்காக நானே பல அகராதிகளைப் புரட்டி ஒரு கலைச்சொல் பட்டியல் தயாரித்திருந்தேன். கையெழுத்தில், நிறைய சுருக்கக் குறிகளோடு. 'ஃபங்ஷனல் வீக்னஸ்' என்பதற்கு 'செயற்பாட்டுப் பலவீனம்' என்று வைத்திருந்தேன். இடத்தை மிச்சம் பிடிக்க 'செயற். பலவீனம்' என்று எழுதி ஒரு புள்ளி வைத்தேன். பட்டியலைக் கணினியில் ஏற்றியபோது அந்தப் புள்ளி விரிந்து 'செயற்கைப் பலவீனம்' ஆகியிருந்தது. தட்டச்சு செய்தவர் மேல் பழியைப் போடலாம். போட மாட்டேன். பட்டியலைச் சரிபார்த்ததாகக் கீழே இருந்த கையெழுத்து என்னுடையது. பஞ்சவர்ணத்தின் சுருக்கத்தில் இருந்ததும் என்னுடையது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன் இருவரும் பதிவேட்டு அறைக்கு வந்தார்கள். முருகேசன் கையில் இரண்டு தாள். ஒன்று எங்கள் சுருக்கம், இன்னொன்று மில் கொடுத்த நோட்டீஸ். பலவீனம் செயற்கையானது என்று மருத்துவமனையே சான்றளித்திருப்பதால், நடித்து விடுப்பு எடுத்ததற்காக ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

"அய்யா, நான் பூ யாவாரம் பாக்குறவன். செயற்கைப் பூவுன்னா பிளாஸ்டிக்குன்னு எனக்குத் தெரியும். எம் பொண்டாட்டி காலு பிளாஸ்டிக்கா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பட்டியலை அதற்கு முன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் படித்தேன்.

பஞ்சவர்ணம் உட்காரவில்லை. ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றே பேசினார். "பெரியம்மா நல்லாத்தான சொன்னாங்க. இவரு கைய வச்சுக்கூடக் காட்டுனாங்க. பெறகு ஏன் பொய்யின்னு எழுதுனீக?"

"எழுதுனது நான். பெரியம்மா இல்ல. தப்பு என்னோடதும்மா, மன்னிச்சிரு."

"மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? திங்கக்கெழம பத்து மணிக்கு இத மாத்திக் குடுங்க."

பதிவேட்டில் தவறைத் திருத்த முறை இருக்கிறது. அழிக்கக் கூடாது, மேலே வெள்ளை பூசக் கூடாது. பழைய சொல் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு கிழித்து, மேலே சரியான சொல்லை எழுதி, தேதி போட்டு, திருத்தியவரும் டாக்டரும் கையெழுத்திட வேண்டும். டாக்டரம்மா பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'இவருடைய கால் பலவீனம் உண்மையானது, சோதனையில் உறுதி செய்யப்பட்டது, வந்ததன் காரணம் தெரியவில்லை.'

வெளியே போகும் திருத்தங்களுக்கு நிர்வாக அலுவலரின் அனுமதியும் வேண்டும். அவர் தாளைத் தொடவே இல்லை.

"ஒரு தடவ குடுத்தது குடுத்ததுதான் பாய். நாம தப்பாக் குடுத்தோம்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு எல்லாப் பயலும் வந்து நிப்பான்."

"தப்பாக் குடுத்த எல்லாத்துக்கும் வரட்டும் சார்."

"அந்தம்மாவ மில்லுல வாயால சொல்லிக்கிறச் சொல்லுங்க."

"வாயால சொல்லி நம்புறதா இருந்தா இங்க எதுக்கு வந்தாங்க?"

"செவ்வாக்கெழம பாக்கலாம்."

திங்கட்கிழமை விசாரணையை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றார். கிழமையை இவ்வளவு துல்லியமாகத் தவறவிட்ட ஒருவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. பதிவேட்டுப் பிரிவின் முத்திரை என் மேசை இழுப்பறையில், என் பொறுப்பில் இருந்தது. கீழே வந்தேன், முத்திரையைக் குத்தினேன், ஒரு பிரதியைக் கோப்பில் வைத்தேன், அசலைப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்தேன். அனுமதி இல்லாமல்தான் செய்தேன். யார் கேட்டாலும் அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை விடுப்பு போட்டுவிட்டு மில்லுக்குப் போனேன். எழுதியவனே வந்து தவறு என்று சொன்னால் எடுபடும் என்று நினைத்தேன். மேசைக்குப் பின்னால் தொழிலாளர் நல அதிகாரியும் ஒரு மேஸ்திரியும் இருந்தார்கள். அதிகாரி தாளை மேலும் கீழும் பார்த்தார். கோடு கிழித்த சொல்லை இரண்டு முறை படித்தார். புள்ளிக் கதையை நான் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கடைசி வரியில் நின்றுகொண்டார்.

"சரி, நடிப்பில்ல. ஆனா காரணம் தெரியலன்னு டாக்டரே எழுதியிருக்காங்களே. காரணமே தெரியாத வியாதிய நாங்க எப்பிடி ஏத்துக்கிறது?"

நான் நிறையப் படித்தவன். வகைப்பாட்டு நூலின் முன்னுரையிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். பஞ்சவர்ணம் முந்திக்கொண்டார்.

"சார், பன்னெண்டு வருசமா உங்க மெஷின்ல நூலு அறுகுது. ஏன் அறுந்துச்சுன்னு பாத்துக்கிட்டா நிக்கிறோம்? பிடிச்சு ஒட்டிட்டு அடுத்ததுக்குப் போறோம். காரணம் தெரியல, அதனால நூலே அறுகலன்னு இந்த மேஸ்திரியண்ணே எந்த நாளாச்சும் சொல்லியிருக்காரா? கேளுங்க."

மேஸ்திரி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "இல்ல சார். அப்பிடிச் சொன்னா ஷிப்டு ஓடாது."

நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, நூல் சுற்றிய கோன்களைப் பெட்டியில் அடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். கால் உடனே சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். பொய் எழுத மாட்டேன். நடைப் பயிற்சியில் பின்பக்கமாக நடக்கச் சொன்னால் இழுக்காமல் நடந்தார், முன்பக்கம் நடக்கச் சொன்னால் இழுத்தார். பின்னால் நடந்து நடந்து, பங்குனி வாக்கில் ஊன்றுகோலை விட்டார். அடுத்த வருடம் ஆடியில் மறுபடி ஒரு மாதம் கால் போனது, திரும்பி வந்தது. ஏன் என்று அப்போதும் தெரியவில்லை. அப்படியே எழுதினோம்.

அனுமதியில்லாமல் முத்திரை பயன்படுத்தியதற்கு மார்கழியில் எனக்கு மெமோ வந்தது. இரண்டு பக்கம். நான் செய்த குற்றத்தை விளக்குவதற்காக, திருத்திய சொல்லையும் டாக்டரம்மா எழுதிய வரியையும், கோப்பு எண்ணோடு, ஒரு எழுத்து விடாமல் அதில் எடுத்துக் காட்டியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னார்கள். கேட்க வேண்டியவரிடம் கேட்டாகிவிட்டது என்று பதில் எழுதினேன். என் பணிப் பதிவேட்டில் 'கண்டிக்கப்பட்டார்' என்று சிவப்பு மையில் ஏறியது. கோப்பில் நான் வைத்திருந்த பிரதியை அனுமதியற்ற தாள் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். 'செயற்கை' என்ற பழைய தாள் மட்டும் உள்ளே இருந்தது. அதற்கு முறைப்படியான அனுமதி இருந்ததே. சரியான சொல் மருத்துவமனையில் மிச்சமிருந்தது எனக்கு வந்த மெமோவில் மட்டும்தான்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒரு கோப்போடு தொடர்புடைய தாள் வேறிடத்தில் இருந்தால் அட்டையில் அதைக் குறிப்பது பதிவேட்டுப் பிரிவின் கடமை. பஞ்சவர்ணத்தின் கோப்பு அட்டையில், மெமோவின் எண்ணையும் தேதியையும் எழுதி, 'இத்துடன் சேர்த்துப் படிக்கவும்' என்று குறித்தேன். விதிப்படி நடந்த காரியம் என்பதால் யாரும் அதில் கை வைக்க முடியவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், ஒரு திங்கட்கிழமை, பணியாளர் பிரிவில் இருந்த பெண் என்னைக் கூப்பிட்டாள். புதிய நிர்வாகம், நல்ல மனதுடையவர்கள்.

"பாய், ரெண்டு வரி எழுதிக் குடுங்க, அந்த மெமோவ எடுத்துர்றோம். முப்பத்தோரு வருசத்துல இது ஒண்ணுதான் கறுப்புப் புள்ளி. சுத்தமா வெளிய போங்க."

"மெமோவ எடுத்து என்ன செய்வீங்க?"

"கிழிச்சிருவோம்."

"அந்தம்மா கோப்புல செயற்கைன்னு இருக்கே, அதையும் கிழிப்பீங்களா?"

"அது எப்பிடிக் கிழிக்க முடியும்? அது அப்ரூவ் ஆன தாளாச்சே."

"அப்ப இதுவும் இருக்கட்டும்மா."

"உங்க பேருலல்ல பாய் இருக்கும்?"

"எம் பேருலயே இருக்கட்டும்."